வியன்னாவில் கட்டடம் பார்க்கச் சென்ற நாள்: இன்றும் மனத்தை விட்டு அகலாதது எது?

வரைகோல்:
கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் வடிவமைத்த அஞ்சல் சேமிப்பு வங்கியை இங்குள்ளோர் அறிவீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதுகலை வகுப்புடன் சென்ற அன்று காலை, செசஷன் என்னும் கலைஞர் சங்கத்தின் கண்காட்சி மண்டபத்தின் பொன்னிலைக் குவிமாடத்தையும் மயோலிகா இல்லத்தின் பூவேலை ஓடுகளையும் அவசரமாகப் பார்த்துவிட்டு வங்கிக்கு வந்தோம். 1904 முதல் 1906 வரை கட்டப்பட்ட முதல் பகுதியின் முகப்பு முழுவதும் கற்பலகைகள். அவற்றின்மீது வரிசை வரிசையாக அலுமினியத் தலை கொண்ட ஆணிகள். ஆசிரியர் ஓர் ஆணியின்மேல் விரலை வைத்து, "இதைக் கழற்றினால் கல் விழுமா?" என்று கேட்டார். நாங்கள் வாய் திறக்கும் முன் அவரே, "விழாது. கல்லைப் பிடித்திருப்பது பின்னாலுள்ள சாந்து, அது இறுகும்வரைதான் இந்த ஆணிக்கு வேலை இருந்தது" என்றார்.

அதன் பிறகு உள்ளே சென்று வாடிக்கையாளர் கூடத்தில் நின்றேன். கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் ஒளி, கண்ணாடிக் கற்கள் பதித்த தரையையும் ஊடுருவி அடித்தளம் வரை செல்கிறது. வெப்பக்காற்றுக் குழாய்கள்கூட மறைக்கப்படாமல் அலுமினியத் தூண்களாக நிற்கின்றன. உள்ளே எதையும் ஒளிக்காத ஒருவர், வெளியே வேலை முடிந்த ஆணிகளை ஏன் இவ்வளவு பளபளப்பாகக் காட்டினார் என்னும் கேள்வி என்னை இன்றும் விடவில்லை.

சுதைமண்:
வரைகோல் அவர்களே, அந்த ஆணிகளைப் பொய் என்று சொல்ல வருகிறீர்கள் எனில் நான் உடன்படமாட்டேன். கட்டும்போது உண்மையாகவே வேலை செய்த ஒரு பொருள், அந்த வேலை நடந்ததைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது; அவ்வளவுதான். நான் மிகாயெலர் சதுக்கத்தில் கண்டது இதைவிடக் கடினமான கேள்வி. அலங்காரத்தைக் கடுமையாக எதிர்த்த கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ், ஒரு தையல் நிறுவனத்துக்காக 1909 முதல் 1911 வரை அங்கே கட்டிய கட்டடம், பேரரசரின் அரண்மனைக்கு நேர் எதிரே நிற்கிறது. சன்னல்களுக்கு மேல் எந்த வேலைப்பாடும் இல்லாததால் ஊரார் அதைப் 'புருவமில்லாத வீடு' என்று ஏசினர். நகராட்சி வேலையை நிறுத்தவே, சன்னல்களுக்குப் பூத்தொட்டிகள் வைத்து லோஸ் சமரசம் செய்துகொண்டார்.

நான் வாசலில் உள்ள பச்சை நரம்போடிய பளிங்குத் தூண் ஒன்றில் உள்ளங்கையை வைத்து, மேலுள்ள மாடிகளின் பாரம் முழுவதும் இதில் இறங்குகிறது என்று எண்ணியபடி நின்றேன். அருகில் நின்ற வியன்னா மாணவி ஒருத்தி, பாரத்தை ஏற்பது கம்பி வலுவூட்டிய கான்கிரீட் சட்டகம் என்றும், இத்தூண்கள் எதையும் தாங்கவில்லை என்றும் சொன்னாள். வாக்னரின் ஆணியாவது ஒரு காலத்தில் உழைத்தது. இந்தத் தூண் ஒரு நாளும் உழைக்கவில்லை. ஆயினும் அந்த வாசலுக்கு அது வேண்டும் என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

முற்றம்:
ஆணியும் தூணும் முக்கியந்தான். ஆனால் அன்றைய நாளில் எனக்கு எஞ்சியது கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தக் குடியிருப்பை வடிவமைத்தவர் கார்ல் ஏன் (Karl Ehn) என்னும் கட்டடக் கலைஞர். 1930இல் திறக்கப்பட்டபோது 1,382 வீடுகள் இருந்தன. பெரிய வளைவுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். காய்கறிப் பையுடன் வந்த முதியவள் நின்று, "வளைவை எல்லோரும் எடுக்கிறார்கள். முற்றத்துக்குள் வா" என்று அழைத்துச் சென்றாள். உள்ளே மரங்களும் புல்வெளியும் குழந்தைகளின் குரலுமாக இருந்தது. தன் பாட்டி முன்பு இருந்த வீட்டில் மாடிக்கு ஒரே குழாய், அதுவும் நடைவழியில். இங்கு வந்த பிறகுதான் வீட்டுக்குள் தண்ணீரைக் கண்டார் என்று சொன்னாள். 1923இல் கொண்டுவந்த வீட்டு வரியைக் கொண்டு நகராட்சி கட்டிய அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுள் அவையும் சேரும். 1934 பிப்ரவரியில் நடந்த உள்நாட்டுப் போரில் அரசுப் படை பீரங்கியால் சுட்டது இதே சுவர்களைத்தான். எந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்று விவாதிக்கும் நீங்கள் இருவரும், அந்தக் குழாயையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

தடம்:
என் அனுபவம் சிறியது: கெட்டன்ப்ரூக்கன்காஸ்ஸே நிலையத்தின் இரும்புக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கும்போதுதான், அந்த நிலையமும் வாக்னருடையது என்று அறிந்தேன். இனிச் செல்லும் மாணவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். ஒரே நாள்தான் உண்டு என்றால் யு4 என்னும் மெட்ரோ ரயில் பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது வாக்னர் வடிவமைத்த பழைய நகர ரயில் தடத்தில் ஓடுகிறது. முதலில் கெட்டன்ப்ரூக்கன்காஸ்ஸேயில் இறங்கி மயோலிகா இல்லத்தைப் பாருங்கள். அங்கிருந்து சந்தை வழியாக நடந்தால் செசஷன் வந்துவிடும். ஓவியர் கிளிம்ட் 1902இல் இசைமேதை பேத்தோவனுக்காகத் தீட்டிய சுவரோவியம் அதன் கீழ்த்தளத்தில் உள்ளது. அஞ்சல் வங்கிக்கு வார நாளில் செல்லுங்கள். வங்கி வெளியேறிய பின் அங்கு உயர்கல்வி நிறுவனங்கள் இயங்குகின்றன. கூடத்தில் பேச்சைத் தாழ்த்துவது நல்லது. கேமராவைப் பையில் வைத்துவிட்டு, ஓர் ஆணியையாவது அதன் உண்மை அளவில் வரையுங்கள். வரையும் கைக்குத்தான் அதன் தலை எவ்வளவு வெளியே நீள்கிறது என்பது தெரியும். லோஸின் கட்டடத்தை அரண்மனை வாயிலில் நின்று பார்த்த பிறகே நெருங்குங்கள். கார்ல் மார்க்ஸ் ஹோஃபைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். யு4 முடியும் ஹைலிகன்ஷ்டாட் நிலையத்திலிருந்து வெளியே வந்ததுமே அது எதிரில் நிற்கும். அங்கே மக்கள் வசிக்கிறார்கள் என்பதால், சன்னல்களை நோக்கிப் படம் எடுக்காதீர்கள்.