பூங்கா இல்லாத தெருவில் குழந்தைகளுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி | மடிப்பாக்கத்துத் தாய்

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. கைப்பேசியோடு கழியும் மாலைப்பொழுதைக் குறைக்க எண்ணி, பிப்ரவரி முதல் இருவரையும் நாள்தோறும் நடக்க அழைத்துச் செல்கிறேன். எங்கள் தெருவில் பூங்கா கிடையாது. இரண்டு புங்க மரங்கள், ஒரு பூவரசு, மதிலோரம் எருக்கு, வீடு கட்டாமல் கிடக்கும் ஒரு காலி மனை, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மகன் வீட்டுக்குத் திரும்பலாம் என்கிறான். மகளோ முதல் மின்கம்பத்தைத் தாண்டுவதற்குள் எறும்பைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். அவர்கள் கேட்கும் செடிகளில் பாதிக்கு எனக்கே பெயர் தெரியாது. வார இறுதியில் பள்ளிக்கரணைக்கோ வண்டலூருக்கோ அழைத்துச் சென்றால்தான் உண்டா, அல்லது இந்தத் தெருவிலேயே பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கிறதா?

மறுமொழி 1 | ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

அன்புள்ள அம்மா, உங்கள் மகள் எறும்பருகே உட்கார்ந்துவிடுவதைத் தடையாகக் கருத வேண்டாம். அன்றைய நடை அந்த மின்கம்பத்தோடு முடிந்தாலும் குறையில்லை. பள்ளிக்கரணை 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம், அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை போய்வரும் இடத்தைக் காட்டிலும், நாள்தோறும் கடக்கும் ஒரே மரம்தான் மாற்றத்தைக் கவனிக்கப் பழக்கும் என்பது என் அனுபவம்.

உங்களிடம் பூவரசு இருக்கிறது. அதன் பூ மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது கருஞ்சிவப்பாக மாறும். காலையில் பார்த்த அதே பூவை மறுநாள் தேடச் சொல்லுங்கள். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதக் கற்றுக்கொடுங்கள், எங்கள் காலத்தில் அதற்கு ஆசிரியர் தேவைப்படவில்லை. புங்க மரம் இந்தப் பங்குனியை ஒட்டித்தான் பழைய இலைகளை உதிர்த்துப் பளபளக்கும் தளிர்களை விடும். முற்றிய இலைகளின் மேல் விரல்நுனி போலச் சிறு புடைப்புகள் எழும்பியிருந்தால், அவை காய்களல்ல. கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சிலந்திப்பேன்கள் தமக்கு வசிப்பிடமாக அந்த இலையையே வளரவைத்துக் கொண்டவை.

காலி மனை ஓரத்தில் ஊதாப்பூ பூக்கும் பட்டாசுக்காய்ச் செடி அநேகமாக இருக்கும். காய்ந்து பழுப்பேறிய காயை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு நீர் விட்டால், சில நொடிகளில் வெடித்து விதைகள் சிதறும். நனைந்த விதையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த செடி நம் மதிலோரமெல்லாம் பரவியது எப்படி என்ற கேள்விக்குப் பிள்ளைகளே விடை சொல்லிவிடுவார்கள். பெயர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை பிறகு வரட்டும். மனைக்குள் மட்டும் இறங்க வேண்டாம். கண்ணாடித் துண்டுகளும் இருக்கும், பாம்பும் இருக்கலாம்.

மறுமொழி 2 | கறிவேப்பிலைத் தொட்டி

ஐயா சொன்னதோடு எருக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்புறத்தைப் பொறுமையாகத் தேடினால், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த பட்டைகளுடன் ஒரு புழு கிடைக்கக்கூடும். அது வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் அதை உண்பதில்லை. இலையை உடைக்க விடாதீர்கள், எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம்.

மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால் நடைக்கே போக வேண்டியதில்லை என்றுகூடச் சொல்வேன். அதில் பறவை எச்சம் போல ஒட்டிக்கிடப்பது பெரும்பாலும் பட்டாம்பூச்சிப் புழுவாகவே இருக்கும்; வளர்ந்தபின் பச்சையாகிவிடும். இலேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்புகள் இரண்டை நீட்டி ஒரு நெடியைக் கிளப்பும். இலைகள் போகின்றனவே என்று மருந்து அடிக்காமல், குழம்புக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். உடல் முழுதும் மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியை மட்டும் தொடக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள்.

மறுமொழி 3 | அதிகாலை நடையர்

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு சிறு மாறுபாடு. பெயர் பிறகு வரட்டும் என்பது ஆறு வயதுக்குப் பொருந்தும். ஒன்பது வயதுப் பையனுக்குப் பட்டியல்தான் தூண்டுகோல். என் மகனும் இப்படித்தான் சலித்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, "இன்று எத்தனை வகைப் பறவைகள்" என்று கேட்ட நாளிலிருந்து என்னை அவன்தான் இழுத்துச் செல்கிறான். மாலையை விட்டுக் காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். இப்போது குயில் கூவும் பருவம். கூவுவது கரிய ஆண். உடலெங்கும் வெண்புள்ளிகள் தெளித்த பழுப்புப் பறவை ஒன்று அருகில் இருந்தால், அது வேறு இனமன்று, பெண் குயிலேதான். எங்கோ தொலைவில் செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போல விடாமல் ஒலி கேட்டால், பட்ட கிளையின் உச்சியில் குக்குறுவானைத் தேடுங்கள்.

பெயர் அறிய மெர்லின் செயலி உதவும். ஆனால் முதலில் பையன் ஊகிக்கட்டும், பிறகு கைப்பேசியை எடுங்கள், இல்லையேல் விட்ட திரை மறுபடியும் கைக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் எண்ணினாலே கலந்துகொள்ளலாம், அதுவும் உங்கள் மொட்டைமாடியிலிருந்தே.

கேள்வி கேட்டவர் | மூன்று வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. மகனின் நோட்டில் இதுவரை பதினான்கு பறவைகள் உள்ளன. அவற்றுள் இரண்டு ஒரே தவிட்டுக்குருவி என்பது என் ஐயம், நான் வாய் திறக்கவில்லை. மகள் பட்டாசுக்காயை வாயில் போட்டு எச்சிலில் வெடிக்கவைக்கிறாள், நிறுத்த முடியவில்லை. இப்போது வேறொரு கவலை. கறிவேப்பிலைத் தொட்டியில் இருந்த புழு கூட்டுப்புழுவாகிப் பத்து நாட்கள் ஆகின்றன. பச்சையாக இருந்தது நேற்றிலிருந்து கறுத்துவருகிறது. செத்துவிட்டதா என்று மகள் அழுகிறாள்.

கறிவேப்பிலைத் தொட்டி

கூட்டின் தோல் வழியே சிறகின் வடிவமும் வெளிறிய புள்ளிகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அழ வேண்டியதில்லை; பெரும்பாலும் நாளைக் காலை வெளிவந்துவிடும். தொட்டியை நகர்த்த வேண்டாம், யாரும் தொடவும் வேண்டாம். சிறகு விரிந்து உலரும்வரை அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், ஆகவே பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவளை ஒருமுறை எழுப்பிக் காட்டிவிடுங்கள்.