புது ஸ்னோபோர்டு பைண்டிங்: திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் எதையெல்லாம் பார்ப்பது?

வெண்பனி:
பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் புதிதாக ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். முழுக்க வெள்ளை, காலுக்குப் பின்னால் நிற்கும் ஹைபேக் பாலிகார்பனேட், பூட்ஸுக்கு அடியில் இருக்கும் பேஸ்பிளேட் கண்ணாடி இழை கலந்த நைலான். பார்க்க அவ்வளவு அழகு, பலகையில் மாட்டவே மனசு வரவில்லை. ஆனால் பலகையில் மாட்டிக் கீறல் விழுந்துவிட்டால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள், அதனால் அதற்கு முன்பே இது உழைக்குமா என்று ஓரளவாவது தெரிந்தாக வேண்டும். வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்? வெள்ளை சீக்கிரம் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

வலதுகால் முன்னே:
பேஸ்பிளேட் உடையுமா என்றுதான் எல்லாரும் முதலில் பயப்படுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் முதலில் போவது ஸ்ட்ராப்பும், அதைப் பல் பல்லாக இறுக்கிப் பிடிக்கும் ராட்செட்டும்தான். அதனால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு கம்பளத்தின் மேல் பைண்டிங்கில் நின்று நன்றாக இறுக்குங்கள், பிறகு முழங்காலை மடக்கி முன்னால் சாயுங்கள், பின்னால் ஹைபேக்கின் மேல் சாயுங்கள், பக்கவாட்டிலும் எடையை மாற்றிப் பாருங்கள். ஒரு பல் நழுவினாலும் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், புதிதாக இருக்கும்போதே நழுவுவது தேய்ந்த பிறகு நிற்காது. கணுக்கால் ஸ்ட்ராப் கடைசிப் பல்லில் போய்ப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள், அப்படியென்றால் அளவே சரியில்லை.

பின்கால் பைண்டிங்கைக் கூடுதலாகச் சோதியுங்கள். மலைமேல் கொண்டுபோகும் சேர்லிஃப்டில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் அந்தக் காலைத்தான் கழற்றுகிறோம், அதன் ராட்செட்தான் அதிகம் வேலை செய்கிறது. முன்கால் பக்கம் வேறு கஷ்டம்: லிஃப்டில் பலகையின் முழு எடையும் அந்த ஒரு பைண்டிங்கில்தான் தொங்கும். வெளியே உறைகுளிர் இருந்தால் ஓர் இரவு அங்கே வைத்துவிட்டு, காலையில் கையுறையோடு மாட்டிக் கழற்றுங்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும், அறைக்குள் வெண்ணெய் மாதிரி ஓடிய ராட்செட் அங்கே முரண்டு பிடிக்கலாம்.

பழைய பலகை:
நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மஞ்சளாவது உண்மைதான், காரணம் புற ஊதாக் கதிர். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரைகூடத் திருப்பி அடிக்கும், ஆக மேலிருந்தும் கீழிருந்தும் வெயில்தான். ஆனால் சறுக்கும் நேரத்தை விட, சீசன் முடிந்து மாதக்கணக்கில் ஜன்னலோரம் கிடப்பதுதான் நிறத்தைக் கெடுக்கும். உறையில் போட்டு இருட்டில் வையுங்கள், நிறம் ரொம்ப நாள் தாங்கும்.

என்னைக் கேட்டால் மஞ்சளை விடக் கீறல்தான் அழகைச் சீக்கிரம் கெடுக்கிறது. பலகையைப் பனியில் கவிழ்த்து வைக்கிறோம் இல்லையா, அப்போது ஹைபேக்கின் விளிம்பும் ஸ்ட்ராப்பின் வெளிப்பக்கமும்தான் தரையில் படுகின்றன. அந்த இடங்களில் நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கிறதா, மேலே பூசியதா என்று பாருங்கள். கலந்திருந்தால் கீறினாலும் அடியில் அதே வெள்ளைதான், பூசியதென்றால் சில்லுச் சில்லாகப் பெயரும். ஸ்ட்ராப்பின் தையலையும், ஒட்டிய நுரைப் பட்டைகளின் ஓரத்தையும் விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள், புதிதிலேயே பிரிந்தால் ஈரம் உள்ளே போய் முழுதும் கழன்றுவிடும்.

மூன்றாம் நம்பர்:
திருகைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பலகையில் போகும் திருகுகள் எம்6, பெரும்பாலும் மூன்றாம் நம்பர் போசிட்ரைவ் ஸ்க்ரூடிரைவர் முனைதான் பொருந்தும், சாதாரண நட்சத்திர முனையால் திருகினால் தலை மழுங்கிவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் பலகையின் அடிப்பக்கம் பள்ளமோ மேடோ தெரியும். முதல் சில சறுக்கலுக்குப் பிறகு எல்லாத் திருகையும், ஸ்ட்ராப், ஹைபேக் திருகுகள் உட்பட, கட்டாயம் மறுபடி பாருங்கள், அதிர்வில் தளரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: தளராமல் இருக்கத் திருகில் திரவப் பசை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வகைப் பசை பாலிகார்பனேட்டில் பட்டால் இறுக்கமாக இருக்கும் இடத்தில் விரிசல் விடும். உங்கள் ஹைபேக்கே பாலிகார்பனேட்.

வெண்பனி:
எல்லாருக்கும் நன்றி. நிறம் கலந்ததுதான், தையலும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இடது கணுக்கால் ராட்செட் முன்னால் சாய்ந்தால் ஒரு பல் நழுவுகிறது, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், வலதில் அப்படி இல்லை. நாளைக்கே மாற்றப் போகிறேன், அதே வெள்ளையில்தான்.

வலதுகால் முன்னே:
சரியான முடிவு. மாற்றும்போது லேடரும் (ராட்செட் பிடிக்கும் பல் வைத்த பட்டை) ராட்செட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காத மாடல் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.