எடை கூடுதலாக இருந்தால் கருத்தடை மாத்திரை வேலை செய்யுமா?

கார்த்திகைப்பூ:
எடை 94 கிலோ, உயரம் 162 செ.மீ. இரண்டு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை தொடங்கலாம் என்றிருக்கிறேன். பருமனாக இருந்தால் மாத்திரை பலிக்காது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? அவசர மாத்திரைக்கும் இது பொருந்துமா? அடுத்து எடை குறைக்கும் ஊசி போடும் எண்ணமும் இருக்கிறது.

மருந்துப்பெட்டி:
தினசரி மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் எடையால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. கவனிக்க வேண்டியது மாத்திரை போடாத இடைவெளி வாரத்தை. பருமன் உள்ளவர்கள் 7 நாள் இடைவெளி முடிந்து புது அட்டை தொடங்கும்போது, ரத்தத்தில் ஹார்மோன் நிலையான அளவுக்கு ஏறக் கூடுதல் நாட்கள் ஆகும். மற்றவர்களுக்கு 5 நாள் என்றால் இவர்களுக்கு 10 நாள் வரை ஆனதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதற்குள் சினைப்பையில் முட்டை வளர ஆரம்பித்துவிடலாம். அதனால் முதல் வார மாத்திரையை மறப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. இடைவெளியை 4 நாளாகக் குறைக்கலாம், அல்லது இடைவெளியே விடாமல் அடுத்த அட்டையைத் தொடரலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது ரத்த உறைவைப் பற்றி. உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) கிட்டத்தட்ட 36. பருமனே உறைவு அபாயத்தைக் கூட்டும், நீங்கள் சொல்லும் மாத்திரையின் இரண்டு ஹார்மோன்களில் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் அதை இன்னும் ஏற்றிவிடும். பிரிட்டன் வழிகாட்டுதலில் 35-ஐ எட்டினாலே ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை, தோலில் ஒட்டும் பேட்ச், பிறப்புறுப்பில் வைக்கும் வளையம் மூன்றையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், குடும்பத்தில் உறைவு இருந்த வரலாறு, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரோஜெஸ்ட்டோஜன் மட்டும் உள்ள மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் தொல்லை இல்லை.

பேட்ச் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். 90 கிலோவைத் தாண்டினால் அதன் பலனே குறைகிறது.

செவிலி_அகல்:
எடை நிஜமாகவே குறுக்கே நிற்பது அவசர மாத்திரையில்தான். வழக்கமான அவசர மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும். 70 கிலோ அல்லது பிஎம்ஐ 26-க்கு மேல் போனால் அந்தப் பலன் குறையலாம். ரத்தத்தில் மருந்தின் அளவு போதாமல் போவதே காரணம் என்று கருதுகிறார்கள். இரண்டு மாத்திரையாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். பிஎம்ஐ 30-க்கு மேற்பட்டவர்களிடம் 3 மி.கி. கொடுத்துப் பார்த்த 2022 ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. இன்னொரு அவசர மாத்திரையான உலிப்ரிஸ்டால் கிடைக்காத நிலையில் மட்டும் இரட்டை அளவைச் சில வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன.

உலிப்ரிஸ்டால் 30 மி.கி. இதைவிட நல்லது, 120 மணி நேரத்துக்குள் போடலாம். எடை மிக அதிகமானால் அதன் பலனும் குறையலாம். அதற்கு முந்தைய 7 நாளில் ஹார்மோன் மாத்திரை போட்டிருந்தாலும் அதன் வேலை கெடும். போட்ட பிறகு 5 நாள் கழித்தே ஹார்மோன் முறையைத் தொடங்க வேண்டும், அந்த முறை பலன் தர ஆரம்பிக்கும் வரை ஆணுறை. 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும்.

எடையைப் பார்க்காமல் நம்பக்கூடியது காப்பர்-டி. உறவுக்குப் பின் 5 நாளுக்குள் பொருத்தினால் அவசரக் கருத்தடைகளிலேயே பலன் அதிகமானது இதுதான், தொடர்ந்தும் காக்கும்.

நீலக்கல்:
நீண்டகால முறையாக யோசித்தால் ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் நல்ல தேர்வு. மருந்து கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் எடை ஒரு பொருட்டில்லை. கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியான இம்பிளான்ட்டிலும் பருமனால் கர்ப்பம் கூடியதாகத் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியின் பலனும் குறையாது, ஆனால் மருந்து தசைக்குள் போக வேண்டும். கொழுப்பு அதிகமுள்ள இடத்தில் வழக்கமான ஊசி எட்டாமல் போகலாம், நீளமான ஊசி கேளுங்கள். இந்த ஊசி சிலருக்கு எடையைக் கூட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எடை குறைக்கும் ஊசி எது என்பது முக்கியம். டிர்செப்படைட் இரைப்பை காலியாவதை மந்தமாக்குவதால் வாய்வழி கருத்தடை மாத்திரை உடம்பில் சேரும் அளவு குறையும். தொடங்கியதும் 4 வாரம், ஒவ்வொரு முறை அளவை ஏற்றியதும் 4 வாரம் ஆணுறையும் சேர்க்க வேண்டும். அளவை ஏற்றுவதே 4 வாரத்துக்கு ஒருமுறைதான் என்பதால் நடைமுறையில் அது மாதக்கணக்கில் நீளும். செமாக்ளூடைடில் இந்தக் குறைவு காணப்படவில்லை. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு எடை இறங்கியதும் நின்றிருந்த முட்டை வெளியேற்றம் திரும்பலாம், அப்போதுதான் எதிர்பாராமல் கரு தங்கும். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் மாத்திரையை நம்பவே கூடாது, உறிஞ்சும் குடல்பகுதி தாண்டப்பட்டிருக்கும்.