18 பாகை கேட்கிற சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு டக்டட் ஸ்பிளிட் (டக்ட் வழியாக் காத்து விடுற ஏசி) காணுமா?

கடலோரம் (கேள்வி):
வணக்கம். வெள்ளவத்தையில காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில இருக்கிற ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தைப் பகல்நேரச் சத்திரசிகிச்சை நிலையமா மாத்துற வேலை. மேல் மாடியில ஒரேயொரு தியேட்டர்: 6க்கு 6 மீற்றர், சீலிங் 3 மீற்றர், தரையிலிருந்து ஸ்லாப் வரை 3.6 தான். ஏசிக்காரர் தந்த குவட்டேஷனில 48,000 பிடியூ டக்டட் இன்வேர்ட்டர் ரெண்டும், டக்டுக்குள்ள ஒரு ஹெப்பா (நுண்துகள் பிடிக்கிற பில்டர்) பெட்டியும் இருக்கு. சேர்ஜன்மார் 18 பாகை வேணும் எண்டு நிக்கினம். குளிர்ச்சிக் கணக்கு ஒத்து வருது, ஆனா ஈரப்பதனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மின்சாரத்தில ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் (ஏர்த்தோட தொடர்பில்லாமல் மின் குடுக்கிறது) கட்டாயமோ, 30 மில்லியம்பியர் டிரிப் சுவிட்ச் காணாதோ எண்டும் உரிமையாளர் கேக்கிறார். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சில்லர்_அண்ணா:
தம்பி, அந்த மெஷினை மறந்துடுங்கோ.

முதல் பிரச்சினை பில்டர். டக்டட் ஸ்பிளிட்டின்ர பான் வெளியில தள்ளக்கூடிய அமுக்கம் அநேகமா 50 தொடக்கம் 200 பாஸ்கல். எச்13 தர ஹெப்பா புதுசா இருக்கேக்கையே 150, 200 தின்னும். மாத்துற நேரம் 450க்குக் கிட்ட நிக்கும். பில்டர் அழுக்காக அழுக்காகக் காத்து குறையும், கடைசியில காத்தைக் குளிர்த்துற கொயிலில ஐஸ் பிடிக்கும்.

மற்றது வெளிக்காத்து. அஷ்ரே 170 (ஆஸ்பத்திரிக் காத்தோட்டத்துக்கான அமெரிக்க நியமம்) தியேட்டருக்கு மணிக்கு 20 காற்றுமாற்றம் கேக்குது, அதில 4 வெளிக்காத்து. உங்கட அறை 108 கனமீற்றர். ஆக, செக்கனுக்கு 600 லீற்றர் சப்ளை, அதுக்குள்ள 120 லீற்றர் வெளியில இருந்து. கொழும்பில 32 பாகை, ஈரக்குமிழ் (ஈரத் துணி சுத்தின வெப்பமானி காட்டுறது) 27 எண்டு எடுத்தா ஒரு கிலோ காத்தில 20 கிராமுக்கு மேல தண்ணி இருக்கும். தியேட்டருக்குள்ள இருக்கவேண்டியது 8 கிராம். வெளிக்காத்தில இருந்து மட்டும் மணிக்கு 6 லீற்றர் தண்ணி பிழிய வேணும். இன்வேர்ட்டர் மெஷின் அறை குளிர்ந்த உடனே கம்பிரசரைத் தணிக்கும், கொயில் 15 பாகைக்கு ஏறும், பிழியிறது நிண்டுடும். தேர்மோஸ்டாட் 19 காட்டும், ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியிருக்கும்.

அதனால டியூ பொயின்டை (காத்தில இருக்கிற ஈரம் தண்ணியாப் படியத் தொடங்குற வெப்பநிலை) முதல்ல முடிவெடுங்கோ, மெஷின் பிறகு. 20 பாகை, 55 வீதம் எண்டா, உள்ளுக்கு நிக்கிற எட்டுப் பேரின்ர ஈரத்தையும் சேர்த்து, கொயிலை விட்டு வாற காத்தின்ர டியூ பொயின்ட் 10.3 பாகையில இருக்கவேணும். சில்லர் (தண்ணியைக் குளிர்த்துற மெஷின்) தாற 7 பாகைத் தண்ணிக்கு 8 ரோ (எட்டு வரிசைக் குழாய்) கொயில் போட்டு இதை எட்டலாம். அதே 55 வீதத்தை 18 பாகையில கேட்டா 8 பாகையளவுக்கு இறங்கவேணும். 7 பாகைத் தண்ணியால ஏலாது. ஒண்டில் 5 பாகைத் தண்ணி, இல்லாட்டி சில்லர் கொயிலுக்குப் பின்னால தனி டிஎக்ஸ் (குளிரூட்டிக் காஸ் நேரா ஓடுற) கொயில். சேர்ஜன்மாருக்கு 18ஐச் சும்மா ஒத்துக்கொள்ளாதேங்கோ, விலையையும் பக்கத்தில எழுதிக் குடுங்கோ. அஷ்ரே சொல்லுறது 20 தொடக்கம் 24.

கொயிலால 11 பாகையளவில வாற காத்தை அப்பிடியே அறைக்குள்ள விட ஏலாது. ஆக்கள், லைற், மெஷின் எல்லாம் சேர்ந்து 3 கிலோவாட் எண்டா சப்ளை 16 பாகையில வரவேணும். அந்த இடைவெளிக்குத்தான் ரீஹீட், அதாவது திரும்பச் சூடாக்கிறது. அதை ஹெப்பாவுக்கு முன்னால வையுங்கோ, இல்லாட்டி நூறு வீத ஈரக் காத்து பில்டரை நனைக்கும்.

சப்ளைக்கு 1200க்கு 600 மில்லிமீற்றர் ஹெப்பா டேர்மினல் 6, மேசைக்கு மேல ரெண்டு வரிசையா. பரப்பு 4.3 சதுரமீற்றர், வேகம் செக்கனுக்கு 0.14 மீற்றர், அஷ்ரே கேக்கிற 0.13 – 0.18க்குள்ள வரும். மேசையின்ர நாலு பக்கமும் 300 மில்லிமீற்றர் தாண்டி நிக்கவேணும். ரிட்டேர்ன் கீழ, எதிரெதிர் மூலைகளில குறைஞ்சது ரெண்டு. கீழ் விளிம்பு தரைக்கு மேல 200 மில்லிமீற்றர். உங்களிட்டை சீலிங்குக்கு மேல 600 தான் இருக்கு, பீமும் அதுக்குள்ள. டேர்மினல் பெட்டி பீமுக்கு இடையில விழுந்தாத்தான் கொள்ளும். எனவே மேசை எங்க வரும் எண்டதை ஆர்க்கிடெக்ட் கீறின படத்தில பாக்காமல், பீமை அளந்து முடிவெடுங்கோ.

கடலோரம்:
நன்றி அண்ணா. ரீஹீட் எண்டா உரிமையாளர் சண்டைக்கு வருவார். குளிர வைச்சுப் பிறகு சூடாக்கிறதோ எண்டு கேப்பார்.

சில்லர்_அண்ணா:
கேக்கட்டும். 600 லீற்றரை 11இல இருந்து 16க்கு ஏத்த 3.6 கிலோவாட். மின் ஹீற்றரை இருபத்திநாலு மணித்தியாலமும் ஓட்டினா மாசம் 2,600 யூனிட் போகும். ஏர் கூல்ட் சில்லரை ஹீற் ரிக்கவரியோட எடுத்தா வெளியில வீணாப் போற சூட்டில 40 பாகைத் தண்ணி வரும், அது தாராளம். இல்லாட்டிக் கொயிலைச் சுத்தி ஹீற் பைப். அது வாற காத்தை முன்கூட்டிக் குளிர்த்தி அந்தச் சூட்டையே பின்னால குடுக்கும், பான் கொஞ்சம் கூட இழுக்கும், அவ்வளவுதான். மின் ஹீற்றர்தான் முடிவெண்டா காத்து நிண்டா நிக்கிற சுவிட்சும் ஹை டெம்பரேச்சர் கட் அவுட்டும் இல்லாமல் போடாதேங்கோ.

இரவில முழுசா நிப்பாட்டிக் காசு மிச்சம் பிடிக்கப் பாப்பினம். விடாதேங்கோ. காத்தைக் குறைக்கலாம், பொசிட்டிவ் அமுக்கம் இருக்கிற வரைக்கும். முழுசா நிண்டா கொரிடோரின்ர 24 பாகை டியூ பொயின்ட் காத்து உள்ளுக்கு ஏறி, காலையில போட்ட உடனே டிபியூசரால (காத்து வாற வாய்) சொட்டும். கொரிடோருக்கும் ஏசி வேணும் எண்டதும் இதாலதான்.

டிரெயின்_பைப்:
எல்லாரும் கொயிலைப் பாப்பினம், அதுக்குக் கீழ இருக்கிற ட்ராப்பை (தண்ணி நிண்டு காத்தை மறிக்கிற வளைஞ்ச பைப்) ஒருத்தரும் பாக்கிறதில்லை.

பான் கொயிலுக்குப் பின்னால இருந்து இழுக்கிற ஏஎச்யூவில (காத்தை வடிச்சுக் குளிர்த்தி அனுப்புற பெட்டி), முன் பில்டர் அழுக்கான நேரம் கொயில் பகுதியில மைனஸ் 750 பாஸ்கல் வரலாம். அது 75 மில்லிமீற்றர் தண்ணி. ட்ராப்பின்ர வெளிவாய் தட்டு வாயை விட 75 + 25 = 100 கீழ இருக்கவேணும், அதுக்குக் கீழ சீலுக்கு இன்னொரு 50. பைப் தடிப்பும் சரிவும் சேர 200க்குக் குறையாத பிளின்த் (மேடை) தேவை. ஏஎச்யூவை ஸ்லாப்பில நேரா குந்த வைச்சா இதுக்கு இடமே இல்லை. பான் ஓடுற வரைக்கும் தட்டில தண்ணி நிறையும், நிப்பாட்டின உடனே கொட்டும். ஓடேக்க துளி துளியா அடுத்த பில்டரில போய் ஒட்டும், பூஞ்சணம் பிடிக்கும். தட்டு ஸ்டெயின்லெஸ், கொயில் தகட்டுக்கு எபொக்சி பூச்சு. கடலுக்கு அவ்வளவு கிட்ட வெறும் அலுமினியம் நிக்காது.

தியேட்டருக்குள்ள தரை வடிகால் வேண்டாம். கூரையில போற தண்ணிப் பைப் ஒண்டும் தியேட்டருக்கு நேர் மேல வரக்கூடாது.

ஸ்கிரப் சிங்கை (சேர்ஜன்மார் கை கழுவுற தொட்டி) பற்றி ஒண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் குளிர்தண்ணி 20 பாகைக்குக் கீழ எண்டு சொல்லும். கொழும்பில குழாய்த் தண்ணியே 28 பாகையளவில வருது. அதால லெஜியொனெல்லாவுக்கு (தண்ணியில வளருற நோய்க் கிருமி) வெப்பநிலையை நம்ப ஏலாது: தாங்கி நிழலில, ஒரு நாள் பாவனைக்கு மேல கொள்ளாத அளவில, பாவிக்காத குழாய்க் கிளையை வெட்டி எடுக்கிறது, சுடுதண்ணி 60இல சேமிச்சுக் குழாயடியில கலக்கிறது. குளோரின் அளவைக் கூரைத் தாங்கியில பாக்காதேங்கோ, கடைசிக் குழாயில பாருங்கோ.

ஏர்த்_பார்:
மின்சாரக் கேள்விக்கு வருகிறேன். டிரிப் சுவிட்ச் போதாது. தவறான இடத்தில் இருந்தால் ஆபத்தும் கூட. தியேட்டர் என்பது ஐஈசி 60364-7-710இல் (மருத்துவ இடங்களின் மின் இணைப்புக்கான சர்வதேச நியமம்) குரூப் 2, அதாவது மின் தடைப்பட்டால் உயிராபத்து வரக்கூடிய இடம். பிரித்தானிய வயரிங் விதிகளான பிஎஸ் 7671இன் 710ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நோயாளியோடு இணைக்கும் உபகரணங்களுக்கு மெடிக்கல் ஐடி சிஸ்டம் (ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் வழியாக, ஏர்த்தோடு இணைக்காமல் தரும் மின்) கட்டாயம். டிரான்ஸ்போமர் 0.5 தொடக்கம் 10 கேவிஏ வரை இருக்கலாம். ஒரு தியேட்டருக்கு 8 அல்லது 10 எடுப்பது வழக்கம். முதலாவது ஏர்த் பழுதில் கரண்ட் போகாது, இன்சுலேஷன் மொனிட்டர் 50 கிலோஓமில் அலாரம் அடிக்கும், சத்திரசிகிச்சையை முடித்துவிட்டுப் பழுதைத் தேடலாம். டிரிப் சுவிட்ச் வழியாகக் கொடுத்தால் அதே பழுதில் வென்டிலேட்டர் உட்பட எல்லாம் நிற்கும். 5 கேவிஏக்கு மேற்பட்ட உபகரணம், எக்ஸ்ரே, நிலையாகப் பொருத்திய மேசையை அசைக்கும் சேர்கிட் ஆகியவற்றுக்கு மட்டும் 30 மில்லியம்பியர் சரி.

நம் வயர்மன்மார் வழமையாகச் செய்யும் பிழை: டிரான்ஸ்போமரின் பீடரில் பழக்கதோஷத்தில் ஓவர்லோட் பிரேக்கரும் டிரிப் சுவிட்சும் போடுவது. அங்கே ஷோர்ட் சேர்கிட் பாதுகாப்பு மட்டுமே. ஓவர்லோடுக்கு வெப்பநிலை, லோட் அலாரம். ஓவர்கரண்ட் பாதுகாப்பு ஒவ்வொரு சொக்கட் சேர்கிட்டுக்கும் தனித்தனியாக. சொக்கட் 13 அம்பியர், சுவிட்ச் இல்லாதது, நீல நிறம். ஏர்த் பாரிலிருந்து ஒவ்வொரு உலோகத்துக்கும் 0.2 ஓமுக்கு மேல் வரக்கூடாது. கதவுச் சட்டத்தை மறப்பார்கள். ஒப்படைக்கும் நாளில் லைனுக்கும் ஏர்த்துக்கும் இடையில் 42 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். அலாரம் அடிக்காவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.

மேசை லைட்டுக்கு 0.5 செக்கனுக்குள் மாற்று மின் வரவேண்டும், ஆகவே பட்டரி. மற்றவற்றுக்கு ஜெனரேட்டர் 15 செக்கன்.

கடலோரம்:
ஜெனரேட்டர் 15 செக்கனில வந்தாலும் சில்லர் திரும்ப ஓட அஞ்சு நிமிஷம் எடுக்கும் எண்டு கொம்பனி சொல்லுது. அந்த நேரம்?

சில்லர்_அண்ணா:
பான், பம்ப் ரெண்டையும் ஜெனரேட்டரின்ர முதல் படியில போடுங்கோ, சில்லர் பிறகு வரட்டும். கொயில் லோட் 14 கிலோவாட் அளவில. குளிர்தண்ணி சேமிக்கிற 500 லீற்றர் பபர் டாங்கி 5 பாகை ஏற 12 நிமிஷம் எடுக்கும், காணும். ஆனா டாங்கியைச் சில்லருக்கும் கொயிலுக்கும் இடையில, கொயிலுக்குப் போற சப்ளைப் பக்கம் வையுங்கோ. ரிட்டேர்னில வைச்சா சில்லர் நிண்ட உடனே கொயிலுக்குச் சூட்டுத் தண்ணிதான் முதல்ல வரும்.

அமுக்கத்துக்கும் ஒரு கணக்கு. ரெட்டைக் கதவின்ர சுத்துவர 3 மில்லிமீற்றர் இடைவெளி எண்டா 0.02 சதுரமீற்றர் துவாரம். 10 பாஸ்கல் பிடிக்க செக்கனுக்கு 50 லீற்றர் அதால வெளியேறவேணும், 25 பாஸ்கல் கேட்டா 80க்கு மேல. சப்ளைக்கும் ரிட்டேர்னுக்கும் அந்த வித்தியாசத்தை வையுங்கோ. 60 லீற்றர் வித்தியாசம் செற் பண்ணியும் 3 பாஸ்கல் தாண்டாட்டி சப்ளையைக் கூட்டாதேங்கோ. லைற் பொருத்தின துளை, காஸ் பைப் நுழைஞ்ச இடம், ஜிப்சம் மூட்டு எல்லாத்தையும் புகை விட்டுப் பாத்து சீல் பண்ணுங்கோ.