புதுப்பிப்பு: மாருதி 800 துரு வேலை

கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பில் துரு, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசினால் போதுமா, வெட்டி எடுக்கணுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வெட்டச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. திருவான்மியூர் உப்புக்காற்றில் நிற்கும் வண்டி; டிங்கர் அண்ணன் பெயின்ட்டைச் சுரண்டியதும் ஸ்க்ரூடிரைவர் தகரத்துக்குள் அப்படியே இறங்கிவிட்டது. நல்ல இரும்பு பளபளக்கும்வரை வெட்டி, 20 கேஜ் தடிமனில் தகடு வைத்தார். சூட்டில் நெளியாமலிருக்க இடம் மாற்றி மாற்றிப் புள்ளி புள்ளியாக வெல்டிங் அடித்தார். முதலில் ஈரம் இரும்பில் படாமல் காக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர், அப்புறம்தான் மெல்லிசாகப் பட்டி. பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளில் மண் அடைத்திருந்தது. ஈரம் அங்கேயே தங்கி உள்ளிருந்து அரித்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் உங்கள் வண்டியிலும் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். உள்பக்கம் மெழுகு அடிப்பது மட்டும் பாக்கி.