கொசு எச்சத்து யூரியா யாருடையது?

ஏரிக்கரையான்:
நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "கொசு எச்சத்தில் இருக்கும் யூரியா நம் ரத்தத்தில் இருந்ததுதான், கொசு வெறும் குழாய்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கராஃபியா என்ற ஆய்வாளரின் குழு 2008-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி வகைப் பெண் கொசுக்களுக்கு, நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜன் உள்ள அம்மோனியம் குளோரைடைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். 24 மணி நேரம் கழித்து எச்சத்தை, மூலக்கூறுகளை எடைபோட்டுக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தால், அதே நைட்ரஜன்-15 யூரியாவில் இருக்கிறது. இயற்கை நைட்ரஜனில் இந்த வகை நூற்றுக்கு அரைப் பங்குகூடக் கிடையாது. கொசு தானே செய்த யூரியா அது.

வேதியன்77:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே. மனித ரத்தத்தில் யூரியா இருக்கிறதா இல்லையா? குடித்தது வெளியே வராதா?

ஏரிக்கரையான்:
வரும். அதனால்தான் ரத்தமே கொடுக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர். மறுபடி சொல்கிறேன், சர்க்கரைத் தண்ணீர்.

வேதியன்77:
என்னைக் கடிக்கிற கொசு சர்க்கரைத் தண்ணீருக்கா வருகிறது? ரத்தத்தில் யூரியா இருக்கிறது.

நெய்தல்:
பூச்சி என்றால் எச்சத்தில் யூரிக் அமிலம்தானே? கொசுவுக்கு ஏது சிறுநீரகம்?

பழையசோறு:
சிறுநீரக வேலை செய்ய மால்பிகி குழாய்கள் இருக்கு தங்கச்சி.

நெய்தல்:
நான் தங்கச்சி என்று யார் சொன்னது?

ஏரிக்கரையான்:
யூரிக் அமிலம் அலன்டாயின் ஆகி, அலன்டாயிக் அமிலம் ஆகி, கடைசியில் யூரியா ஆகிறது, தவளைக்கு நடப்பது போல. ரத்தம்தான் வேண்டுமா வேதியன்? அதே ஆய்வில் யூரிக் அமிலத்தை உடைக்கும் நொதியான யூரேட் ஆக்சிடேஸின் மரபணுவை அடக்கிவிட்டு ரத்தமும் கொடுத்தார்கள். உடம்பில் யூரிக் அமிலம் ஏறிவிட்டது. தன் எடைக்கும் மேல் ரத்தம் குடிக்கிற பூச்சி இது. அவ்வளவு புரதம் செரிக்கும்போது வரும் அம்மோனியா நஞ்சு. அதை வெளியேற்றும் வழியை அடைத்தால் கொசுவை அடக்கலாம். என் அக்கா மகன் டெங்குவில் பத்து நாள் கிடந்தான். இதைக் "குழாய்" என்று ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வேதியன்77:
பையன் தேறியது சந்தோஷம். ஆனால் ரத்தம் குடித்ததில் ஏறியது யூரிக் அமிலம். யூரியா குறைந்ததா?

ஏரிக்கரையான்:
நைட்ரஜன்-15 யூரியா குறைந்தது.

வேதியன்77:
அது அம்மோனியம் குளோரைடு குடித்த கொசுவில்! மறுபடியும் உங்கள் சர்க்கரைத் தண்ணீர்.

பழையசோறு:
தேனீ இழையிலும் இவர் இப்படித்தான், ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு.

வேதியன்77:
அங்கே நான் சொன்னது சரி. ரத்தத்தில் யூரியா இருக்கிறது.

ஏரிக்கரையான்:
சர்க்கரை குடித்த கொசுவால் முடிந்தது ரத்தம் குடித்த கொசுவால் முடியாதா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வேதியன்77:
முதலில் தேனீ இழையில் என்னை "அரைகுறை" என்றதைத் திரும்பப் பெறுங்கள்.