கானா + டெக்னோ: சொந்த லேபிள் தொடங்க முதல்ல எதைப் பண்ணணும்?

வியாசைபீட்:
வியாசர்பாடியில மூணு பேர் சேர்ந்து ட்ராக் பண்றோம். டெக்னோ பீட்டு, மேல டோலக், சட்டி மேளம், கானா குரல். ஆறு ட்ராக் ரெடி. சொந்த லேபிள் பேர்ல விட கம்பெனி பதிவு பண்ணணுமா? பாடுற அண்ணனுக்கு ஒரே தடவையா காசு குடுத்துட்டா போதுமா?

பெரம்பூர்பேஸ்:
கம்பெனி இப்போ வேணாம் தம்பி. மூணு பேருக்குள்ள எழுத்துல ஒப்பந்தம், தனி பேங்க் கணக்கு போதும்.

பாடுறவர் விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. கானாவுல பாட்டு கட்டுறதும் மெட்டு போடுறதும் பெரும்பாலும் பாடுறவரேதான். அப்படின்னா அவர் பாடலாசிரியர், இசையமைப்பாளர். ஒரே தடவை காசு குடுத்து முடிச்சுக்க முடியாது: 2012 காப்பிரைட் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், வரிக்கும் மெட்டுக்கும் வர்ற ராயல்டி பங்கை அவரே உங்களுக்கு எழுதிக் குடுத்தாலும் செல்லாது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலிச்சுக் குடுக்குற ஐபிஆர்எஸ் அமைப்புல அவரை உறுப்பினராக்குங்க. மாஸ்டர் (பதிவு பண்ண ஆடியோ) யாருக்கு, பாட்டு வரி யாருக்கு, மெட்டு யாருக்குன்னு சதவீதம் போட்டு, ரிலீஸுக்கு முன்னாடியே எல்லாரும் கையெழுத்து போடுங்க. ஒப்பந்தத்துல காலம் குறிக்கலைன்னா எழுதி வாங்கின உரிமை 5 வருஷம்தான், இடம் குறிக்கலைன்னா இந்தியாவுக்குள்ளதான்னு சட்டம் எடுத்துக்கும். ஸ்ட்ரீமிங் உலகம் பூரா போகுது, அதனால "உலகம் முழுவதும்"னு எழுதுங்க.

ராயபுரம்மாஸ்டர்:
ஆறையும் ஒரே நாள்ல விடாதீங்க, ப்ளீஸ். ஸ்பாட்டிஃபைல 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தொடாத ட்ராக்குக்கு 2024லேர்ந்து காசு கிடையாது. கேட்கிற கூட்டம் ஆறா பிரிஞ்சா ஒண்ணும் தேறாது. மாசத்துக்கு ஒண்ணு விடுங்க. ஸ்பாட்டிஃபை ப்ளேலிஸ்ட்டுல சேக்கச் சொல்லி பிட்ச் பண்ண, ரிலீஸுக்கு குறைஞ்சது 7 நாள் முன்னாடி ட்ராக் அங்க ஏறியிருக்கணும். ட்ராக்கை ஸ்ட்ரீமிங் தளங்கள்ல ஏத்துற டிஸ்ட்ரிபியூட்டரோட தாமதமும் சேர்த்து 4 வாரம் முன்னாடியே அனுப்புங்க.

மிக்ஸ்ல டோலக்கோட இடதுபக்க அடியும் டெக்னோ பீட்டோட கிக் ட்ரம்மும் 60–100 ஹெர்ட்ஸ்ல மோதும், கிளப்புல குழைஞ்சு போயிடும். டோலக்ல அந்தப் பகுதியைக் குறைங்க, இல்ல கிக் அடிக்கும்போது மட்டும் அதை அமுக்குற மாதிரி சைட்செயின் போடுங்க. சட்டியோட கூர்மையான அடிக்கு லிமிட்டரை (சத்தம் எல்லை தாண்டாம அமுக்குற கருவி) நம்பாதீங்க, ரெக்கார்டிங்லயே லெவல் கம்மியா வைங்க. கடைசி ஃபைல் 24 பிட் வேவா இருக்கட்டும், ட்ரூ பீக் (உச்ச சத்தம்) -1 டெசிபலைத் தாண்டக் கூடாது.

வியாசைபீட்:
ரெண்டு ட்ராக்ல காசு குடுத்து வாங்கின ரெடிமேட் டோலக் லூப் பேக் இருக்கு அண்ணா. நம்ம பாட்டு வேற வீடியோவுல வந்தா தானா கண்டுபிடிச்சு க்ளெய்ம் போடுற யூடியூப் கன்டென்ட் ஐடி போடலாமா?

ராயபுரம்மாஸ்டர்:
அந்த ரெண்டுக்கும் வேணாம். அதே லூப்பை வாங்கின இன்னொருத்தர் வீடியோ மேல க்ளெய்ம் விழும், அவர் புகார் பண்ணா உங்க டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கே முடங்கும். லூப்பை எடுத்துட்டு டோலக்கை நீங்களே வாசிச்சுப் பதிவு பண்ணா அப்புறம் தாராளமா போடலாம்.

பெரம்பூர்பேஸ்:
வரவுக்கு ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்ப வேணாம். ரசிகர்கள் நேரா பாட்டு வாங்குற பேண்ட்கேம்ப் தளத்துலயும் வைங்க, டிஜிட்டல் விற்பனையில 15% எடுத்துக்கும், பேமென்ட் கட்டணம் தனி. குரல் இல்லாத மிக்ஸையும் இப்பவே எடுத்து வைங்க, விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் முதல்ல கேக்குறது அதைத்தான்.